வெட்டியெடுத்த மூச்சு

ஜூக்பாக்ஸில் தன் பாட்டு வந்துவிட்டால் ஓடெல் பிரான்சம் சாப்பிடுவதை நிறுத்திவிடுவான். நாற்பத்தேழாவது தெருவில் ரூத்தி கடையில், வறுத்த கெளுத்தி மீனை முன்னால் வைத்துக்கொண்டு, முள்கரண்டி அந்தரத்தில் நிற்க, அப்படியே உட்கார்ந்திருப்பான். ஆள் தன் டிரம்பெட்டைத் தானே ரசிக்கிறான், கொஞ்சம் தலைக்கனம்தான், இசைத்தட்டு இப்படி விற்றால் யாருக்குத்தான் வராது என்று பக்கத்து மேசைக்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். அது ரசனை இல்லை என்று எனக்குத் தெரியும். பல்வலிக்காரன் அந்தப் பல்லையே நாக்கால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பானே, அந்த மாதிரி. பாட்டின் நடுவில் ஓர் இடம் இருக்கிறது. அதைத் தாண்டிய பிறகுதான் மீன் உள்ளே இறங்கும். அதற்குள் நான் அவன் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்திருப்பேன். அவன் கவனித்ததே இல்லை.

என் பெயர் லெமுவல் டாகெட். ஓடெலின் குழுவில் பியானோ வாசிக்கிறேன். பியானோக்காரனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. சபைக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்திருப்பதால் எல்லோர் முகமும் தெரியும், நம் முகத்தை யாரும் பார்ப்பதில்லை.

அந்தப் பாட்டின் பெயர் 'மிஸ் ஓலா வீட்டு மாடிப்படி'. வார்த்தை கிடையாது, வாத்தியம் மட்டும். மிஸ் ஓலா அவன் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரி. அவள் கண்ணில் படாமல் மூன்றாம் மாடிக்கு ஏறிப் போவதுதான் பாட்டு என்பான் ஓடெல். முன்பாதி பூனைபோல மெதுவாக ஏறும். பின்பாதியில் அவள் பார்த்துவிடுகிறாள், ஓட்டம். இரண்டுக்கும் நடுவே டிரம்பெட் நிற்காமல் ஒரே வீச்சில் போகும். தட்டில் அப்படித்தான் இருக்கிறது.

பதிவு நடந்தது ஒரு பழைய கார் ஷெட்டில். கம்பெனி ஹேட்டி கோலியர் அம்மாளுடையது. அதற்கு முன்னால் அவர் இசைத்தட்டுக் கடை வைத்திருந்தார். வாசலில் ஒரு ஒலிபெருக்கியை மாட்டி, தெருவில் போகிறவன் கால் எந்தப் பாட்டுக்கு நிற்கிறது என்று பார்த்தே தொழிலைக் கற்றுக்கொண்டவர். யூனியன் சட்டப்படி மூன்று மணி நேரத்துக்குள் நாலு பாட்டு முடிய வேண்டும். தாண்டினால் எல்லோருக்கும் கூடுதல் சம்பளம். அம்மாள் கடிகாரத்தைப் பார்க்கவே மாட்டார். நேரம் நெருங்கினால் மடியில் இருக்கும் கைப்பையின் கொக்கியைத் திறந்து திறந்து மூடுவார். அந்த 'டிக்' சத்தத்துக்குப் பயந்த மாதிரி எங்கள் டிரம்மர் ஃபிட்ஸ் எந்தத் தாளத்துக்கும் பயந்ததில்லை.

மாடிப்படி நாலாவது பாட்டு. ஓடெல் முதல் தடவை வாசித்ததில் முன்பாதி தேன், பின்பாதியில் உதடு வழுக்கிவிட்டது. கடைசித் தடவை முன்பாதி தூங்கி வழிந்தது. பின்பாதியில் என்ன ஆயிற்றோ, முதுகில் நெருப்பு வைத்த மாதிரி ஏறினான். கைப்பை டிக் டிக் என்றது. அப்போதுதான் பதிவு இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் வால்ட் நோவாக் சொன்னான்.

"முன்னாடி அதுல இருந்து, பின்னாடி இதுல இருந்து. ஒட்டிடறேன்."

வால்ட் வானொலியில் இருந்து வந்தவன். எப்போதும் புதினா மிட்டாய் வாயில் இருக்கும். டேப் அப்போதுதான் எல்லா இடத்துக்கும் வந்துகொண்டிருந்தது. வாசிக்க வாசிக்க நேராகத் தட்டிலேயே பதியும் முறையில் பழகிய எங்களுக்கு, சத்தத்தைத் துணிபோலக் கத்தரிக்கலாம் என்பதே வேடிக்கை. ஒரு சவரபிளேடால் டேப்பைச் சாய்வாக வெட்டினான். இன்னொன்றையும் வெட்டினான். வெள்ளை நாடா வைத்துத் தேய்த்தான். போட்டுக் காட்டினான். எங்கே சேர்கிறது என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

"நடுவுல மூச்சு வாங்குனியே, செருப்ப இழுத்துக்கிட்டு நடக்கற மாதிரி சத்தம். அதையும் தூக்கிட்டேன்" என்றான் வால்ட், பெருமையாக.

எங்கள் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தது ஓடெல்தான். "டேய் லெம், டேப்புல யாருடா இந்த ஆளு? நல்லா வாசிக்கறானே. நம்ம குழுவுல சேத்துக்கலாமா?"

தட்டு வெளிவந்தது. அம்மாளின் கடை வாசலில் கால்கள் நின்றன. கோடைக்குள் டெட்ராய்ட், செயின்ட் லூயிஸ் என்று ஜூக்பாக்ஸ் இருந்த இடமெல்லாம் மிஸ் ஓலாவின் மாடிப்படியில் ஆள் ஏறிக்கொண்டிருந்தான். ஓடெல் பதினோரு வருஷம் வேலை பார்த்த இறைச்சித் தொழிற்சாலையை விட்டான். ரத்தத் தரையில் நிற்பதற்கான ரப்பர் பூட்ஸை மனைவி எதிரிலேயே குப்பைத் தொட்டியில் போட்டான்.

பிறகு மற்ற டிரம்பெட்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். ரசிகனை ஏமாற்றலாம், அதே தொழில் செய்கிறவனை ஏமாற்ற முடியாது. பானம் வாங்கிக் கொடுத்துவிட்டு, தோளில் கை போட்டு, எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். அவ்வளவு நீளத்துக்கு மூச்சு எங்கே வாங்குகிறாய்? முதல் ஆள் கேட்டபோதே, அது பிளேடு வேலையப்பா என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஓடெலுக்கு வாய்க்கொழுப்பு. "காது வழியா வாங்குவேன்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்களில் பாதிப்பேர் நம்பியும்விட்டார்கள். ஒரு பத்திரிகைக்காரன் அதை அச்சிலேயே போட்டான். அதன் பிறகு அது புலிவாலைப் பிடித்த கதைதான்.

மேடையில் என்ன செய்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த இடம் வரும்போது ஃபிட்ஸ் பெரிய தாளத்தட்டை ஓங்கி ஓர் அடி அடிப்பான். சத்தம் அடங்குவதற்குள் ஓடெல் தலையைத் திருப்பி மூச்சு வாங்கிவிடுவான். யாரும் பேசி ஏற்பாடு செய்யவில்லை. ஒரு நாள் தற்செயலாக நடந்தது, மறுநாள் வேண்டுமென்றே நடந்தது, பிறகு பழக்கமாகிவிட்டது.

தட்டு வெளிவந்து இரண்டாவது பிப்ரவரி வாக்கில், குளிர் இன்னும் போகாத நேரத்தில், கோலியர் அம்மாள் ஒரு யோசனையோடு வந்தார். சபையை வைத்துக்கொண்டே நீண்ட நேரம் ஓடும் தட்டு ஒன்றைப் பதிவு செய்வது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தேவாலயம் விட்ட பிறகு, எங்கள் யூனியன் மண்டபத்தில். கைதட்டலும் தட்டில் வரும். நியூயார்க்கிலிருந்து ஒரு பத்திரிகைக்காரர் வருகிறார். அவர் நல்லபடியாக எழுதினால் மேற்குக் கரைக்குச் சுற்றுப்பயணம், மூன்று தட்டுக்கு ஒப்பந்தம். எழுதாவிட்டால் என்ன என்று அம்மாள் சொல்லவில்லை. ஓடெலுக்குத் தெரியும். புதிதாக ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ்.

"சபை முன்னாடி வாசிச்சாதான் ஜனங்க வாயடைக்கும், ஓடெல். டேப்புல ஏதோ பண்ணிட்டோம்னு ஒண்ணு ரெண்டு பேரு பேச ஆரம்பிச்சிருக்காங்க" என்றார் அம்மாள். அந்த ஒன்றிரண்டு பேர் சொல்வதுதான் உண்மை என்பதை அவர் மறந்துவிட்டார் என்றே நினைக்கிறேன். தட்டு விற்க விற்க, அது ஓடெல் வாசித்தது என்று அவருக்கே நிஜமாகிவிட்டது.

சனிக்கிழமை காலை மண்டபத்தில் ஒத்திகை. நடுவில் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். எங்கள் வயதுதான் இருக்கும். உயரம், கனத்த உடம்பு, பழுப்பு நிறக் கோட்டு, கையில் டிரம்பெட் பெட்டி. பெயர் வெர்டெல் ஹாஸ்கின்ஸ். மில்வாக்கியில் ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. யுத்தத்தின்போது ஆண்களெல்லாம் சிப்பாயாகப் போயிருந்த காலத்தில், பெண்கள் மட்டுமே இருந்த குழுவோடு பஸ்ஸில் நாடெல்லாம் சுற்றி வாசித்தவள். ஆண்கள் திரும்பி வந்தார்கள், குழு கலைந்தது.

"மன்னிச்சுக்கணும் மிஸ்டர் பிரான்சம். ஒரே ஒரு விஷயம் கேட்டுட்டுப் போயிடறேன்."

"கையெழுத்தா?" என்றான் ஓடெல்.

"உங்க கையெழுத்த வச்சு நான் என்ன குழம்பா வைக்கப்போறேன்? மூச்சு. அந்த மாடிப்படியில எங்க மூச்சு வாங்கறீங்க?"

"காது வழியா" என்றான் ஓடெல், யோசிக்காமலே.

"அதயும் ஒரு மாசம் பண்ணிப் பாத்தேன். காதுதான் அடைச்சுது."

ஃபிட்ஸ் வெடித்துச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. "கிண்டல் பண்ணாதீங்க. என்னால வாசிக்க முடியுது. ஆனா முடியறதுக்குள்ள உசிரு போயிடுது. நீங்க ஏதோ கடைத்தெருவுக்குப் போயிட்டு வர மாதிரி வாசிக்கறீங்க. அதான் ரயில் ஏறி வந்தேன்."

ஓடெல் என்னைப் பார்த்தான். பிறகு அவளிடம், "வாசிச்சுக் காட்டுங்க" என்றான். முடியாது என்று நிச்சயமாக நம்பித்தான் சொன்னான். நானும் நம்பினேன். மனித நெஞ்சு பிடிக்கும் காற்று ஒரு அளவுதான்.

கோட்டைக் கழற்றாமலே நின்றாள். நான் ஆரம்பித்துக் கொடுத்தேன். முன்பாதியை ஓடெலைவிட மெதுவான சத்தத்தில் ஏறினாள். காற்றைச் சிக்கனமாகச் செலவழிக்கிறாள் என்று பிறகுதான் புரிந்தது. அந்த இடம் வந்தது. ஃபிட்ஸ் பழக்கதோஷத்தில் தாளத்தட்டை ஓங்கி அடித்துவிட்டான். அந்தச் சத்தத்துக்குள் டிரம்பெட் நிற்கும் என்று என் காது காத்திருந்தது. நிற்கவில்லை. தாளத்தட்டின் இரைச்சலுக்கு நடுவில் அது போய்க்கொண்டே இருந்தது. சத்தம் அடங்கியபோது அவள் அடுத்த மாடியில் இருந்தாள். கழுத்து நரம்புகள் கயிறாகப் புடைத்திருந்தன, கண்ணிலிருந்து நீர் வழிந்தது, அழுகை இல்லை, உடம்பின் திணறல். கடைசிப் படியில் கால் வைத்துவிட்டு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இழுத்து இழுத்து மூச்சு விட்டாள்.

 உலகத்தில் அந்தப் பாட்டை முழுசாக வாசித்த முதல் ஆள் எங்கள் எதிரில் உட்கார்ந்திருந்தாள். அது தெரியாத ஒரே ஆளும் அவள்தான்.

ஓடெல் இப்போது சொல்லிவிடுவான் என்று நினைத்தேன். அவன் தொண்டையைச் செருமினான்.

"கொஞ்சம் அவசரப்படறீங்க. தோள இறக்குங்க. மத்தபடி பரவாயில்ல."

எனக்குக் கோபம் வந்தது. பொய் சொன்னதற்காகக்கூட இல்லை, தோளை இறக்கு என்று சொன்னதற்காக. அவளோ நிஜமாகவே தோளை இறக்கிப் பார்த்துக்கொண்டாள். நன்றி சொன்னாள். "நாளைக்கு முன் வரிசையில டிக்கெட் வாங்கியிருக்கேன். பக்கத்துல இருந்து உங்க வாயப் பாத்தா புரிஞ்சுடும்" என்றாள். போய்விட்டாள்.

பஸ் நிற்கும் இடம்வரை ஓடெலும் நானும் நடந்தோம்.

"அந்தப் பொம்பள அத வாசிச்சுட்டா, லெம்."

"ஆமா."

"நான் வாசிச்சதே இல்ல."

"ஆமா."

"கொஞ்சம் மாத்தித்தான் பேசேன்டா."

 பஸ் வந்தபோது அவன் ஏறவில்லை. கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறேன் என்று ஏரிப் பக்கமாகப் போனான். அந்தக் குளிரில் ஏரிப் பக்கம் போகிறவன் ஒன்று மீன்பிடிக்கிறவனாக இருக்க வேண்டும், இல்லை மனசு சரியில்லாதவனாக இருக்க வேண்டும்.

ஞாயிறு மத்தியானம் மண்டபம் நிறைந்திருந்தது. தேவாலயத்துக்குப் போட்ட தொப்பியும் கையுறையுமாக அப்படியே வந்திருந்தார்கள். வால்ட் தன் இயந்திரத்தை மண்டபத்துக்குக் கீழ்த்தளத்தில் கோட்டுகள் மாட்டும் அறையில் வைத்திருந்தான். பத்திரிகைக்காரர் பக்கவாட்டு மேசையில். வெர்டெல் முன் வரிசையில் நடுவில், நீலத் தொப்பி. அவளுக்கும் ஓடெலுக்கும் நடுவே ஒரு கட்டில் போடும் இடம்தான் இருந்தது. மற்ற பாட்டுகள் வாசித்தபோது அவள் கை மடியில் சும்மா கிடந்தது. மாடிப்படி என்று ஓடெல் சொன்னதும் அவளுடைய வலது கை விரல்கள் மூன்றும் எழுந்து, டிரம்பெட்டின் பொத்தான்களில் இருப்பதுபோல முழங்கால்மேல் தயாராக நின்றன.

மேடை ஏறும் முன் ஓடெல் ஃபிட்ஸிடம் சொல்லியிருந்தான். "இன்னிக்கு அந்த இடத்துல அடிக்காதே."

"அப்புறம் நீ?"

"அடிக்காதேன்னா அடிக்காதே."

முயற்சி செய்யப்போகிறான் என்றுதான் நானும் ஃபிட்ஸும் நினைத்தோம். பாவம், நடுவில் மயங்கி விழாமல் இருக்க வேண்டுமே என்று நினைத்தேன். முன்பாதியை அழகாக ஏறினான். வெர்டெலின் விரல்களும் முழங்கால்மேல் கூடவே ஏறின. அந்த இடம் வந்தது. ஃபிட்ஸ் கையை மடக்கிக்கொண்டான்.

ஓடெல் டிரம்பெட்டை உதட்டிலிருந்து எடுத்தான். ஓரமாகக்கூடத் திரும்பவில்லை. நெஞ்சுவரை இறக்கி, மைக்குக்கு நேராக நின்று, வாயைத் திறந்து மூச்சு வாங்கினான். செருப்பை இழுத்துக்கொண்டு நடக்கிற சத்தமேதான். மண்டபத்தின் கடைசி வரிசைக்கும் கேட்டிருக்கும். நானும் டபுள் பாஸ் வாசிக்கிறவனும் கீழே ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டு, போவதா நிற்பதா என்று தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்தோம். அவன் அவசரப்படவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு, வாங்க வேண்டிய மூச்சை முழுசாக வாங்கிக்கொண்டு, பிறகு பின்பாதிக்குப் போனான். நன்றாகவே வாசித்தான். மிக நன்றாக என்று சொல்லமாட்டேன்.

"உடம்பப் பாத்துக்கப்பா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. சிரிப்பு, கைதட்டல். சபையில் பெரும்பாலோருக்கு எதுவும் நடந்ததாகவே தெரியவில்லை. பத்திரிகைக்காரர் எழுதுவதை நிறுத்திவிட்டு சிகரெட் பற்றவைத்தார். வெர்டெலின் விரல்கள் முழங்கால்மேல் நின்றுபோயிருந்தன. கைதட்டல் முடிகிறவரை அவள் அசையவில்லை.

இடைவேளையில் ஓடெல் நேராகக் கோட்டு அறைக்கு இறங்கினான். நான் பின்னால் போனேன். அவள் எங்களுக்கு முன்பே அங்கே நின்றிருந்தாள்.

"தட்டுல என்ன பண்ணீங்க?" என்றாள்.

"நான் ஒண்ணும் பண்ணல. இவர் பண்ணாரு" என்று ஓடெல் வால்ட்டைக் காட்டினான்.

வால்ட்டுக்கு நிலைமை புரியவில்லை. தொழிலைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டான். கழிவு டேப் ஒன்றை எடுத்துச் சாய்வாக வெட்டி, ஒட்டி, தேய்த்து நீட்டினான். "எங்க ஒட்டிருக்குன்னு கண்டுபிடிங்க பாப்போம்." அவள் கண்ணால் பார்க்கவே இல்லை. இரண்டு விரலுக்கு நடுவில் டேப்பை இழுத்தாள். ஒட்டிய இடத்தில் விரல் நின்றது.

"ரெண்டு குளிர்காலம்" என்றாள். "பக்கத்து வீட்டுக்காரன் போலீஸக் கூப்பிட்டான். என் தங்கச்சி பேசறதயே நிறுத்திட்டா. ஒரு மனுஷன் வாசிச்சிருக்கான், அப்ப மனுஷனால முடியும், எனக்குத்தான் நெஞ்சு பத்தலன்னு நெனச்சேன்."

"உங்களுக்குப் பத்துச்சு" என்றான் ஓடெல். "அத வாசிச்சது நீங்க ஒருத்திதான்."

"நேத்தே சொல்லியிருக்கலாமே. தோள இறக்குன்னீங்க. நான் விடிய விடிய தோள இறக்கிப் பாத்துக்கிட்டிருந்தேன்."

"ஆமா" என்றான் ஓடெல்.  அவன் முகத்தில் அவ்வளவு வெட்கத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்கு அவன்மேல் இருந்த கோபம் அங்கேதான் போயிற்று.

கோலியர் அம்மாள் உள்ளே வந்தார். வேற்று ஆள் நிற்பதை அவர் கவனிக்கவே இல்லை.

"வால்ட், அந்தச் சத்தம் பதிவாயிடுச்சா?"

"நல்லா தெளிவா."

"எடுத்துடு. ஓடெலுக்கு ரெண்டு நாளா சளின்னு பத்திரிகைக்காரர்கிட்ட சொல்லிட்டேன். தட்டுல ஒழுங்கா வந்துட்டா அவரும் அத மறந்துடுவாரு."

"எனக்குச் சளி இல்லம்மா" என்றான் ஓடெல்.

"இருக்கு. இல்லேன்னா மொத தட்டுக்கு நீ என்ன பதில் சொல்லுவே? ஜனங்ககிட்ட போய் ஏமாத்திட்டோம்னு சொல்லுவியா? மேற்குக் கரையில எவன் உன்னக் கூப்பிடுவான்?"

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே வால்ட் டேப்பைப் பின்னால் ஓட்டி, இடத்தைக் கண்டுபிடித்துவிட்டான். டேப் சுற்றிய ஸ்பூலைக் கையால் முன்னும் பின்னும் மெல்ல உருட்டினான். ஒலிபெருக்கியில் ஓடெலின் மூச்சு மரம் அறுக்கிற சத்தம்போலப் போய்ப் போய் வந்தது. மஞ்சள் பென்சிலால் இரண்டு இடத்தில் கோடு போட்டான். இரண்டு கோட்டுக்கும் நடுவே ஒரு முழம் டேப்கூட இல்லை. பிளேடை எடுத்தான்.

வெர்டெல் கையை நீட்டி உள்ளங்கையை ஸ்பூலின்மேல் வைத்தாள். சமையலறையில் சுட்டுக்கொண்ட தழும்புகள் நிறைந்த பெரிய கை. ஸ்பூலை முழுசாக மூடிக்கொண்டது.

"இது இருக்கட்டும்."

"நீ யாரும்மா?" என்றார் அம்மாள்.

"டிக்கெட் வாங்கினவ."

அம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஓடெலிடம் திரும்பினார். "நீ சொல்லு. அட்டையில வரப்போறது உன் பேரு."

ஓடெல் வாயைத் திறந்தான். மேலே ஃபிட்ஸ் இரண்டாம் பாதிக்கு எங்களைக் கூப்பிட டிரம்மைத் தட்ட ஆரம்பித்தான். சபையும் கூடவே காலால் தட்டியது, கூரை அதிர்ந்து மேலேயிருந்து தூசி ஸ்பூலின்மேலும் அந்தக் கையின்மேலும் உதிர்ந்தது. வால்ட் பிளேடைக் கீழே வைக்கவில்லை. அவளும் கையை எடுக்கவில்லை.